சேர்க்காமல் விட்ட நடு உறுப்பு

எக்ஸ்² + 5எக்ஸ் + 6. இதைப் பார்த்ததும் பள்ளிக் கணக்கு மறக்காதவர்களுக்குக் கை தானாக ஓடும். 5ஐ 2, 3 என்று பிரி, இரண்டிரண்டாகச் சேர், பொதுவானதை வெளியே எடு. ஏன் பிரிக்கிறோம்?

ஏன்னா, அந்த 5எக்ஸ் பிறக்கும்போது 5எக்ஸாகப் பிறக்கவில்லை. (எக்ஸ் + 2), (எக்ஸ் + 3) இரண்டையும் பெருக்கியபோது 2எக்ஸ், 3எக்ஸ் என்று தனித்தனியாகத்தான் வந்தது. நாம்தான் கூட்டி ஒன்றாக்கினோம். புரோகிராமர் பாஷையில் சொன்னால் அது ஸ்குவாஷ் பண்ணின கமிட். விடை சரி, வந்த வழி காணோம். குழுவாக்கிக் காரணிப்படுத்துவது அந்த வழியைத் தேடிப் போவதுதான்.

வழியை அழிக்காமலே எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. தாமஸ் ஹாரியட், 1560இல் பிறந்த இங்கிலாந்துக்காரர். 1585இல் அமெரிக்கக் கரைக்குக் கப்பல் ஏறினார். 1609 கோடையில், கலிலியோவுக்குச் சில மாதங்கள் முன்பே, தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்து வரைந்தார்.

தெரியாததற்கு உயிரெழுத்து, தெரிந்ததற்கு மெய்யெழுத்து என்பது பிரான்சின் வியேட் தொடங்கிய வழக்கம். ஹாரியட்டும் அப்படியே எழுதினார். அவருடைய ஒரு வரியை நம் எழுத்தில் போட்டால்:

(அ − ப)(அ + ச) = அஅ − பஅ + சஅ − பச

நடுவில் இரண்டு உறுப்புகளும் கூட்டப்படாமல் அப்படியே நிற்கின்றன. முதல் இரண்டில் அ பொது, கடைசி இரண்டில் ச பொது. அ(அ − ப) + ச(அ − ப). வலமிருந்து இடமாகப் படித்தால் இதுதான் நம் பள்ளிக் கணக்கு. சமன்பாடு என்பது சின்னச் சின்னக் காரணிகளைப் பெருக்கிக் கட்டிய கட்டடம் என்று அவர் கண்டுகொண்டார். காரணி தெரிந்தால் விடையும் தெரியும்: அ = ப, அல்லது அ = −ச.

ஆனால் இதை அவர் அச்சில் பார்க்கவில்லை. அவரை ஆதரித்த இருவர், வால்டர் ராலேயும் நார்தம்பர்லாந்து பிரபு ஹென்றி பெர்சியும், பல வருடம் லண்டன் டவர் சிறையில் கிடந்தார்கள். 1605 வெடிமருந்துச் சதியை ஒட்டி ஹாரியட்டையும் கொஞ்ச நாள் உள்ளே வைத்தார்கள். 1621இல் அவர் இறந்தபோது இயற்கணிதம் முழுக்கக் கையெழுத்துத் தாள்களாகவே இருந்தது.

தாள்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை உயிலில் நதானியேல் டார்ப்பர்லிக்குக் கொடுத்திருந்தார். 1631இல் புத்தகத்தை வெளிக்கொண்டு வந்தவரோ வால்டர் வார்னர். பெரியது, சிறியது என்பதற்கு இன்று நாம் போடும் >, < குறிகள் முதலில் அச்சேறியது அதில்தான். ஆனால் குறை எண் விடைகளை அந்தப் புத்தகம் தள்ளிவிட்டது. மேலே உள்ள வரிக்கு விடை ப மட்டும், −ச கிடையாது! ஹாரியட்டின் தாள்களில் குறை எண் விடைகளும் உண்டு, கற்பனை எண் விடைகளும் உண்டு.

1637இல் டெகார்ட்டின் புத்தகம் வந்தது. அதிலும் சமன்பாடு காரணிகளின் பெருக்கல்தான். குறை விடைகளை ‘பொய்’ விடைகள் என்று அழைத்தாலும் அவர் விலக்கவில்லை. டெகார்ட் ஹாரியட்டிடமிருந்து எடுத்தார் என்று 1685இல் ஜான் வாலிஸ் சண்டைக்கு வந்தார். அச்சான புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஹாரியட்டுக்காக வாதாடுவது எளிதா என்ன?

தாள்கள் பெட்வொர்த் மாளிகையில் தூங்கின. 1784இல் ஃபிரான்ஸ் சாவர் வான் சாக் கண்ணில் பட்டன. அவற்றின் வரிசையைக் கண்டுபிடித்து, சமன்பாடுகள் பற்றிய பகுதியை ஜாக்குலின் ஸ்டெடால் ஆங்கிலத்தில் புத்தகமாக்கியது 2003இல். இறந்து 382 வருடம் கழித்து −ச தன் இடத்துக்கு வந்தது.