மஞ்சள் சாயமும் ரெண்டு மாணவர்களும்

எங்க பாட்டி கடைசி காலத்துல என் முகத்தைப் பார்க்காம, காதுப் பக்கமா பார்த்துதான் பேசுவாங்க. நேரா பார்த்தா நடுவுல இருட்டு, ஓரக்கண்ணாலதான் கொஞ்சமாவது தெரியும். வயசானா அப்படித்தான்னு விட்டுட்டோம். அதனால போன வருஷம் அம்மா, "ஜன்னல் கம்பி வளைஞ்சு தெரியுதுடா"ன்னு சொன்னப்ப எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

கையில ஊசி போட்டு மஞ்சள் சாயம் ஏத்தி, கண்ணைப் படம் எடுத்தாங்க. சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகும்னு யாரும் முன்கூட்டியே சொல்லலை. அம்மா போட்ட கூச்சல்ல பக்கத்து வீடே எழுந்துடுச்சு :-) அன்னிக்கு ராத்திரிதான் இந்தச் சாயத்தோட பூர்வீகத்தைத் தேட ஆரம்பிச்சேன்.

விழித்திரையோட நடுவுல சுமார் 5 மில்லிமீட்டர் அகலத்துல இருக்கறது மாகுலா. எழுத்து படிக்கறது, முகம் பார்த்து ஆளை அடையாளம் கண்டுக்கறது எல்லாம் அதோட வேலை. 1851ல ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆப்தல்மாஸ்கோப்பை அறிமுகப்படுத்தின பிறகு டாக்டர்கள் அதை எட்டிப் பார்க்க முடிஞ்சுது. ஆனா எங்கே ரத்தக்குழாய் கசியுதுன்னு எப்படித் தெரியும்?

1959. அமெரிக்காவுல இண்டியானா பல்கலைக்கழகம். ஹெரால்ட் நவாட்னி, டேவிட் ஆல்விஸ்னு ரெண்டு மருத்துவ மாணவர்கள். கண் டாக்டர்கள்கூட இல்லை. விழித்திரை ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவு இருக்குன்னு அளக்கற ஆராய்ச்சியில இருந்தவங்க. 1871ல பேயர் தயாரிச்ச ஃப்ளோரசீன் சாயம் நீல வெளிச்சம் பட்டா பச்சையா ஒளிரும். அதை ரத்தத்துல ஏத்தி, நீல ஃபில்டர் போட்டு ஃப்ளாஷ் அடிச்சு, பச்சை ஃபில்டர் வழியா படம் எடுத்தா என்ன? யாருக்கு ஊசின்னு காசு சுண்டிப் பார்த்தாங்களாம். ஆல்விஸ் கையில குத்தினாங்க. அவர் கண்ணுக்குள்ள ரத்தம் ஓடறது படத்துல விழுந்துது!

கட்டுரையைக் கண் மருத்துவ இதழ் ஒண்ணுக்கு அனுப்பினா, வேண்டாம்னு திருப்பிட்டாங்க. 1961ல அது வந்தது 'சர்க்குலேஷன்'ங்கற இதய மருத்துவ இதழ்ல. சிரிக்கறதா அழறதா? அதுக்கப்புறம் மயாமியில டொனால்ட் காஸ் இதே முறையை வெச்சு, மாகுலா நோய்ல கசிவு எங்கே எப்படி வருதுன்னு 1967ல விரிவா எழுதினார். கசியற இடம் தெரிஞ்சதால லேசரால சுட முடிஞ்சுது. சுட்ட இடத்துல பார்வை போனது போனதுதான்.

1991ல ஹுவாங், ஃபுஜிமோட்டோ குழு 'சயின்ஸ்' இதழ்ல ஓ.சி.டி. பத்தி எழுதினாங்க. அல்ட்ராசவுண்டு மாதிரிதான், ஒலிக்குப் பதிலா ஒளி. ஊசி வேண்டாம், சாயம் வேண்டாம். அடுக்கு அடுக்கா விழித்திரையை வெட்டிப் பார்த்த மாதிரி படம் வரும். 2006ல அமெரிக்காவுல லூசென்டிஸ் ஊசிக்கு அனுமதி கிடைச்சப்புறம், மருந்து வேலை செய்யுதான்னு பார்க்க இந்தப் படம்தான் கைகொடுத்துது.

அம்மாவோட படத்துல சாம்பல் அடுக்குகளுக்கு நடுவுல கருப்பா ஒரு குட்டை. நீர் கோத்திருக்கு. மூணு ஊசிக்கப்புறம் அந்தக் குட்டை பாதியாயிருக்கு. கம்பி இன்னும் முழுசா நேராகலையாம். அடுத்த ஊசி வர்ற மாசம்.