ஆந்தைக்குள் இருக்கும் ஆதன்

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருந்தது. மஞ்சள் தடவிய அட்டை, பிள்ளையார் சுழி, கூட்டுப் பெயர்கள் எல்லாம் வழக்கம்போல. மாப்பிள்ளை வீட்டாரின் ஊருக்கு மேலே சின்ன எழுத்தில் ‘ஆந்தை குலம்’ என்று இருந்தது. எதிரில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன் சிரித்துவிட்டான். “மாமா, ஆந்தைக்கெல்லாம் கல்யாணமா?”

அவன் வயதில் நானும் இதே சொல்லுக்குச் சிரித்தவன்தான். தமிழய்யா ‘பிசிராந்தையார்’ என்று கரும்பலகையில் எழுதியதும் பின் பெஞ்சிலிருந்து ஒரு அலறல் கேட்டது. அய்யா திட்டவில்லை. “அது பறவை இல்லடா, அப்பன்” என்று மட்டும் சொன்னார். எந்த அப்பன் என்று புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. அந்த அப்பனுடைய மகன் பெயர் ஆதன்.

இன்றைய வருகைப் பதிவேட்டில் ஆதன்கள் அரிது. சங்ககாலத்தில் அப்படி இல்லை. கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற பெயர் அது. சேர மன்னர் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், வெண்ணிப் போரில் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த பெருஞ்சேரலாதன். சேரல், ஆதன் என்ற இரண்டும் ஒட்டிக்கொண்டதில் ஆதன் நம் காதுக்கு மறைந்துபோனான். பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் கபிலர் பாடிய செல்வக் கடுங்கோ வாழியாதனிலும் அவன்தான் ஒளிந்திருக்கிறான். இந்த அரசர்களோடு நின்றுவிடவும் இல்லை. ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாட்டும் ஆதன் அவினி என்பவனை வாழ்த்தியே தொடங்குகின்றன. கொல்லிமலை வல்வில் ஓரிக்கு ஆதன் ஓரி என்றும் பெயர். பூதப்பாண்டியன் தன் நண்பர்களை வரிசையாகச் சொல்லும் புறநானூற்றுப் பாட்டில் (71) ஆதன் அழிசி ஒருவன். அதே வரிசையில் எயில் என்ற ஊரின் ஆந்தை இன்னொருவன். மகன் பெயரும் தகப்பன் பெயரும் ஒரே பாட்டில் உட்கார்ந்திருக்கின்றன.

பாட்டில் வருகிறவர்கள் பெரிய மனிதர்கள் என்று ஒதுக்கினால், பானை ஓடு இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் கீழடியில் கிடைத்த கறுப்பு சிவப்பு ஓடுகளில் ‘ஆதன்’ என்றும் ‘குவிரன் ஆதன்’ என்று படிக்கத்தக்கதாகவும் கீறல்கள் உள்ளன. நொய்யல் கரையில், ஈரோடு மாவட்டம் கொடுமணலில் கிடைத்த ஓட்டில் ‘கண்ணன் ஆதன்’. கல்தச்சன் செதுக்கிய அழகு எழுத்து இல்லை இது. சுட்டு வந்த பானையின் தோளில், கையில் கிடைத்த கூரான எதையோ வைத்து அழுத்திக் கீறியது. கோடு ஒரு இடத்தில் வழுக்கி ஓடியிருக்கும், ஒரு இடத்தில் ஆழமாக இறங்கியிருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைக்கிறோமே, அந்த வேலைதான். என் பானை, எடுக்காதே என்பதுதான் சேதி. இந்தத் தமிழ்ப் பிராமிக் கீறல்களில் எழுத்துக்குப் புள்ளி கிடையாது; இடம் பார்த்துத்தான் ‘ன்’ என்று படிக்க வேண்டும். அந்த னகரமே வடக்குப் பிராமியில் இல்லாதது, தமிழ் ஒலிக்கென்று தனியாக உருவாக்கிக்கொண்டது.

பெயர் இரண்டாக வருவதையும் கவனியுங்கள். கண்ணன் ஆதன் என்றால் கண்ணன் மகன் ஆதன் என்று கொள்வது வழக்கம். தகப்பன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. நாம் இன்று ‘க. ஆதன்’ என்று எழுதுவதை அவன் முழுசாக எழுதிவைத்தான்.

கரூருக்குப் பக்கத்தில் புகளூர். அங்குள்ள ஆறுநாட்டார் மலைக்குகையில், செங்காயபன் என்ற சமணத் துறவிக்குக் கல்படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறையை அது வரிசையாகச் சொல்கிறது. பேரன் இளங்கோ ஆனபோது செய்த கொடை. ஐராவதம் மகாதேவன் இதைப் படித்து விளக்கிய பிறகு, பதிற்றுப்பத்தின் சேரர்கள் ஏட்டிலிருந்து கல்லுக்கு வந்தார்கள். அந்தக் கல்லிலும் முதலில் நிற்பவன் ஓர் ஆதன், பாட்டனாக.

இனி அப்பன் கதை. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் புள்ளிமயங்கியல் என்று ஓர் இயல். ஒருவன் பெயரோடு ‘தந்தை’ என்ற சொல் சேர்ந்தால் என்னவாகும் என்று அங்கே விதி இருக்கிறது. பெயரின் கடைசி ‘அன்’ போய்விடும். தந்தையின் முதல் ‘த்’ போய்விடும். சாத்தன், தந்தை இரண்டும் சேர்ந்து சாத்தந்தை. கொற்றன் தந்தை, கொற்றந்தை. ஆனால் ஆதனுக்கும் பூதனுக்கும் இந்தக் கத்தரிப்பு போதாது என்று தொல்காப்பியர் தனி விதி வைத்திருக்கிறார். மிஞ்சிய தகர ஒற்றும் அடுத்த அகரமும்கூட விழுந்துவிடும். ஆதந்தை என்று நிற்க வேண்டியது ஆந்தை. பூதந்தை என்று நிற்க வேண்டியது பூந்தை.

இரண்டு பெயருக்கென்று இலக்கணத்தில் தனிச் சூத்திரம் ஒதுக்குவது சும்மா நடக்காது. தேய்ந்த படியைப் பார்த்தாலே எத்தனை கால் ஏறியிறங்கியது என்று தெரியும். ஆதனின் அப்பனை ஊரெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் அந்தச் சொல் இவ்வளவு தேய்ந்திருக்க வேண்டும். இந்த வழக்கம் ஒன்றும் செத்துவிடவில்லை. “செல்வி அப்பா இருக்காங்களா?” என்று வாசலில் நின்று கேட்கிற குரலில் சாத்தந்தையும் கொற்றந்தையும் அப்படியே இருக்கிறார்கள்.

பாண்டிநாட்டுப் பிசிர் என்ற ஊரில் வாழ்ந்த புலவரின் சொந்தப் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. பிசிர் ஊரில் ஆதனின் அப்பா, அதாவது பிசிராந்தையார், அவ்வளவுதான். பார்த்தே இராத கோப்பெருஞ்சோழனுக்காக நடந்துபோய் உயிர்விட்டவர். இவ்வளவு வயதாகியும் உங்களுக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் புறநானூற்றில் (191) இருக்கிறது. மனைவியும் மக்களும் குணத்தில் நிறைந்தவர்கள் என்பதுதான் அவர் எடுத்த எடுப்பில் சொன்ன காரணம். அரசனும் ஊர்ச் சான்றோரும் அப்புறம்தான் வருகிறார்கள். மகன் பெயராலேயே அறியப்பட்டவர் மகனை முதலில் நினைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

இத்தனை பேருக்கு இருந்த பெயர் எங்கே போயிற்று? சங்கப் பாட்டில் ஆதன் பெயராகத்தான் வருகிறதே தவிர, பொருள் சொல்லும் சொல்லாக வரவில்லை. தேவார காலத்துக்கு வந்தால் ‘ஆதர்’ என்ற சொல் அறிவிலார், குருடர் என்ற பொருளில் வசையாக விழுகிறது. அகராதிகளிலும் ஆதன் என்றால் பேதை என்று ஒரு பொருள் ஏறிவிட்டது. இரண்டும் ஒரே சொல்தானா, ஒலி மட்டும் ஒத்த வெவ்வேறு சொற்களா என்பது வேறு வழக்கு. எதுவானாலும், தெருவில் வசையாகப் புழங்கும் ஒலியை எந்தத் தாயும் தொட்டிலில் போடமாட்டாள். பெயர் வழக்கிழந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சாத்தனுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். மணிமேகலை ஆசிரியரின் பெயரை இன்று ஒரு பிள்ளைக்கு வைத்தால், வேதாகமம் படித்த காது அதைச் சாத்தான் என்றுதான் கேட்கும்.

பிள்ளைக்கு வைக்கவில்லையே தவிர, பெயர் அழியவில்லை. அங்கேதான் அந்தக் கல்யாணப் பத்திரிகைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. கொங்கு வேளாளரில் “நீங்க என்ன கூட்டம்?”, அதாவது என்ன குலம், என்பது சம்பந்தம் பேசுவதற்கு முன் வரும் கேள்வி. ஒரே கூட்டத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை, பங்காளி முறை. ஆந்தை கூட்டம் என்பதற்கு ஆந்தைப் பறவையைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அக்கம்பக்கத்துக் கூட்டங்களின் பெயர்களைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: சாத்தந்தை, கண்ணந்தை, பூந்தை, ஆந்தை. முதல் மூன்றிலும் பறவை கிடையாது. சாத்தனும் கண்ணனும் பூதனும் இருக்கிறார்கள். நான்காவதில் மட்டும் ஏன் மரப்பொந்திலிருந்து ஒரு பறவை பறந்து வர வேண்டும்? தொல்காப்பிய விதி நாலையும் ஒரே திறவுகோலில் திறக்கிறது. கண்ணன் ஆதன் தன் பானையில் பெயர் கீறிய கொடுமணல் நொய்யல் கரையில். கோ ஆதனைச் சொல்லும் புகளூர் கரூர்ப் பக்கத்தில். அதே கொங்கு மண்ணில் மகன் பெயர் மறந்துபோய், அவன் தகப்பன் மட்டும் கூட்டத்தின் பெயராக நின்றுவிட்டான்.

2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறை கீழடி அறிக்கையை வெளியிட்டது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்ற செய்தியோடு, ஓட்டில் இருந்த பெயர்களும் நாளிதழ்களில் வந்தன. அதற்குப் பிறகு தூய தமிழ்ப்பெயர் தேடும் வீடுகளில் ஆதன் மறுபடி காதில் விழுகிறான். இணையப் பெயர்ப் பட்டியல்களோ அவனுக்குச் சூரியன் என்றும் முதல்வன் என்றும் பொருள் எழுதிவைத்திருக்கின்றன. சூரியன் ஆதவன், வெயிலைக் குறிக்கும் ஆதபம் என்ற வடசொல்லின் வழி வந்தவன். முதல் என்பது ஆதி, அதுவும் வடசொல். இரண்டு இரவல் சட்டையை மாட்டித்தான் ஆதனை வீட்டுக்குள் விட வேண்டும் என்பதில்லை. பொருள் தெரியாத பெயர் குறைப்பட்ட பெயர் ஆகிவிடாது. ஒரு பானையை ‘என்னுடையது’ என்று சொல்ல அந்த மூன்றெழுத்தே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப இப்ப யாராச்சும் பாப்பாவுக்கு ஆதன்னு பேர் வெச்சா, அவங்கப்பா ஆந்தையா?” என்றான்.

விதிப்படி ஆமாம். ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்காத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, விழித்த கண்ணோடு கூடத்தில் நடக்கிற அந்த மனிதருக்கு, பறவை என்று எடுத்துக்கொண்டாலும் பொருத்தம்தான்.