சிரமம் உறையும் சொல்

இரவெல்லாம் பேருந்தில் குலுங்கி, விடிகாலையில் திருவண்ணாமலையில் இறங்கி, ரமணாசிரமத்து அலுவலகத்தில் அறைச் சாவிக்காக நின்றேன். பதிவேட்டில் என் பெயரை எழுதிக்கொண்ட பெரியவர் சாவியை நீட்டியபடி, "ராத்திரிப் பயணம். போய்ச் சிரமபரிகாரம் பண்ணிட்டு வாங்க. பதினொன்றரைக்குச் சாப்பாடு" என்றார். என் பாட்டியோடு போய்விட்டது என்று நான் நினைத்திருந்த சொல் அது. ஊரிலிருந்து யார் வந்தாலும் பாட்டி முதலில் செம்பில் தண்ணீர் கொடுப்பாள். பிறகு இந்தச் சொல்லைச் சொல்லித் திண்ணையைக் காட்டுவாள். அறையை நோக்கி நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆசிரமம் என்ற சொல்லுக்குள்ளும் அதே சிரமம் உட்கார்ந்திருக்கிறது.

'ச்ரம்' என்பது வடமொழி வேர். பாடுபடுவது, உழைத்துக் களைப்பது என்று பொருள். அதன்முன் 'ஆ' சேர்ந்து ஆச்ரமம் ஆயிற்று. பாலியில் அஸ்ஸம, தமிழில் ஆசிரமம், ஆச்சிரமம். ஈழத்தில் இன்றும் ஆச்சிரமம் என்றே எழுதுகிறார்கள். சிரமம் தீரும் இடம் ஆதலால் ஆசிரமம் என்று கதாகாலட்சேபங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்க இதமான விளக்கம். ஆனால் இந்தச் சொல்லின் உடன்பிறப்புகளைப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. தவம் என்னும் கடும்பாடு படுகிற இடம் என்பதே அதன் பழம்பொருள். நான் அந்தப் பக்கம்தான்.

முதல் உடன்பிறப்பு சிரமணர். நோன்பால் உடலை வருத்தியவர்கள். பிராகிருதத்தில் 'சமண' ஆகி, தமிழில் சமணர், அமணர் என்று நின்றார்கள். தேவாரம் பாடியவர்கள் எவ்வளவு சினத்தோடு அமணரைச் சாடினார்கள் என்பது நமக்குத் தெரியும். அமணர் என்ற பெயரும் சைவத் துறவி தங்கும் ஆசிரமத்தின் பெயரும் ஒரே வேரில் முளைத்தவை. சண்டை மனிதருக்குள் நடந்தது. சொற்கள் ஒரே வீட்டில்தான் இருந்தன.

இன்னொன்று, பழைய தமிழில் சிரமம் என்பதற்குப் படைக்கலப் பயிற்சி என்றும் பொருள் உண்டு. சிரமச்சாலை என்றால் வாளும் கம்பும் பழகும் கூடம். தெலுங்கில் இதே சொல் தேய்ந்து 'சாமு' ஆகி, உடற்பயிற்சியைக் குறிக்கிறது. இலங்கைக்குப் போனால் சிரமதானம் என்ற சொல் தெருவுக்குத் தெரு கேட்கும். குளத்தைத் தூர்வாரவோ பள்ளி வளவைத் துப்புரவாக்கவோ ஊரார் கூலியின்றிக் கூடி உழைப்பது சிரமதானம். களைப்பும் கஷ்டமும் நம் பேச்சில் எஞ்சிய பொருள்கள். பயிற்சியும் உழைப்பும் பக்கத்து வீடுகளில் உயிரோடிருக்கின்றன.

ஆசிரமம் உழைப்பின் இடம் என்பதைக் காளிதாசன் அறிந்தே எழுதியிருப்பான் போலும். சாகுந்தலத்தில் துஷ்யந்தன் கண்வரின் ஆசிரமத்துக்குள் நுழையும்போது அவன் முதலில் காண்பது தியானத்தில் அமர்ந்த முனிவரை அல்ல. இடுப்பில் குடத்தோடு செடிகளுக்கு நீர் விடும் பெண்களை.

இந்தச் சொல்லுக்கு இடம் என்ற பொருளோடு இன்னொரு பொருளும் உண்டு: வாழ்க்கை நிலை. பிரமசரியம், இல்லறம், வானப்பிரத்தம், சந்நியாசம் என்ற நான்கு ஆசிரமங்கள். இவை ஒருவர் வயதுக்கேற்ப ஏறவேண்டிய நான்கு படிகள் என்றே படித்திருக்கிறோம். பாட்ரிக் ஒலிவெல் 1993-இல் வெளியிட்ட ஆய்வு நூலில், பழைய தருமசூத்திரங்களில் அவை படிகளாக இல்லை என்று காட்டினார். கல்வி முடித்த இளைஞன் நான்கில் ஒன்றைத் தேர்ந்து, வாழ்நாள் முழுதும் அதில் நிற்கலாம். மனு நூலின் காலத்தில்தான் அவை ஏணியாயின. தமிழில் திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரத் தொடக்கத்தில் வரும் மூவருக்குப் பரிமேலழகர் மாணவன், வனத்தில் தவம் செய்வோன், முற்றத் துறந்தோன் என்று உரை கண்டபோது இந்தச் சட்டகமே அவர் மனத்தில் இருந்தது. குறள் ஆசிரமம் என்ற சொல்லை எடுத்தாளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வாழ்க்கை நிலை என்ற பொருள் இன்று தமிழில் பெரும்பாலும் வருணாசிரமம் என்ற கூட்டுச்சொல்லில் மட்டுமே பிழைத்திருக்கிறது. அங்கே அது எத்தனை தலைமுறையின் காயத்தைச் சுமக்கிறது என்பதை மேடைப் பேச்சுகள் கேட்டு வளர்ந்த எவரும் அறிவர்.

ஆசிரமம் என்ற சொல் பரவுமுன் தமிழர் துறவியர் தங்குமிடத்தை எப்படிச் சொன்னார்கள்? பள்ளி என்றார்கள். படுக்கும் இடம். மாங்குளத்துக் குகையின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டிலேயே அந்தச் சொல் இருக்கிறது. சமணத் துறவிக்குக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி அது. கல்படுக்கையில் படுத்தவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பள்ளி கல்விக்கூடமாயிற்று, பின்னால் முஸ்லிம்களின் தொழுகை இடமும் ஆயிற்று. சைவர்களுக்கு மடமும் ஆதீனமும் இருந்தன. உ.வே. சாமிநாதையர் தமிழ் படித்தது திருவாவடுதுறை ஆதீனத்தில். காட்டில் துறவி கட்டிக்கொண்ட குடில் பன்னசாலை. வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கியதற்குச் சத்திய தருமச்சாலை என்று பெயர் வைத்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சாலை, சங்கம், சபை என்று பெயர் தேடிய அவர் ஆசிரமம் பக்கம் போகவில்லை.

பிறகு திடீரென்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அந்தச் சொல் எங்கும் முளைக்கிறது. 1915-இல் அகமதாபாத் அருகே கொச்சரபில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். சேவாசிரமம், தபோவனம் என்ற பெயர்களையெல்லாம் எண்ணிப் பார்த்து, தபோவனம் பெருமை பேசுவதாகப் பட்டதால் தள்ளிவிட்டு, சத்தியாக்கிரக ஆசிரமம் என்று வைத்தார். ஆசிரமம் என்ற பாதியை மட்டும் அவர் விடவில்லை. ஒவ்வொருவரும் உடலால் உழைக்கவேண்டும் என்பது அங்கே விதி. 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம். 1926-இல் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமம். 1922-இல் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் பரத்வாஜ ஆசிரமத்தில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற செய்தி வெளியே வந்தபோது வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வி தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிவிட்டது. ஒன்றாக உழைக்கச் சொன்ன இடம் ஒன்றாக உண்ணச் சொல்லவில்லை. எனக்கு இது இன்றும் வலிக்கிற வரலாறு. அதே காலத்தில் ரமணாசிரமத்திலும் பிராமணர்கள் தனியாகவே உண்டார்கள். ரமணர் இரு பக்கத்தாரும் பார்க்கும்படி நடுவில் அமர்ந்து உண்டார்.

1896 செப்டம்பர் முதல் நாள் அண்ணாமலையில் வந்து இறங்கிய, பின்னாளில் ரமணர் ஆன பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன் ஆசிரமம் எதையும் நிறுவ வரவில்லை. கோயிலிலும் சுற்றுவட்டத்திலும் இருந்தார்; 1899 முதல் மலைமேல் விரூபாட்ச குகையில். ஊருக்குள் பிச்சை எடுத்து வந்ததை எல்லோரும் பகிர்ந்து உண்டார்கள். அந்தப் பிச்சைக்குப் போகும்போது பாடுவதற்காக அடியார்கள் கேட்டதால்தான் அட்சரமணமாலை பிறந்தது. கந்தசாமி என்ற அடியவருக்கு மட்டும் ரமணருக்கென்று தனியிடம் வேண்டும் என்ற ஆசை. குகைக்கு மேலே, ஊற்றுக்குப் பக்கத்தில், பாறையும் முள்ளுமாய்க் கிடந்த சரிவைப் பெரும்பாலும் தன் கைகளாலேயே சமப்படுத்தினார். கல் சுமந்தார், தென்னை வைத்தார். 1916-இல் ரமணர் அங்கே குடிபோனார். உழைத்தவர் பெயராலேயே அதற்குக் கந்தாசிரமம் என்று பெயர். அந்த மலையில் ஆசிரமம் என்ற சொல் இறங்கிய வரலாறு இதுதான். அதன் வேர்ப்பொருள் இவ்வளவு துல்லியமாகப் பொருந்திய இன்னோர் இடத்தை நான் அறியேன்.

அங்கேதான் ரமணரின் தாயார் அழகம்மாள் அடுப்பு மூட்டினார். பிச்சைச் சோறு போய்ச் சமையல் வந்தது. 1922 மே 19 அன்று அவர் மறைந்தபோது உடலை மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். ரமணர் தினமும் இறங்கி வந்து போனார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு நாள் வந்தவர் திரும்பவில்லை. சமாதிமேல் போட்ட ஓலைக் கொட்டகையைச் சுற்றி வளர்ந்ததே இன்றைய ரமணாசிரமம். பல ஆண்டுகள் விடியுமுன் எழுந்து அவர் காய் நறுக்கினார், அம்மியில் அரைத்தார், இலை தைத்தார். உபதேசம் கேட்க வந்தவர்கள் கத்தரிக்காயோடு மல்லாடிக்கொண்டே அதைக் கேட்டார்கள்.

படிப்பு என்று அங்கே தனியாக வகுப்பு கிடையாது. சிவப்பிரகாசம் பிள்ளை 1902-ஐ ஒட்டிக் கேட்ட கேள்விகளுக்கு, பேசாதிருந்த ரமணர் மணலிலும் பலகையிலும் எழுதிக் காட்டிய விடைகளே பின்னால் 'நான் யார்' என்ற சிறுநூலாயின. அதன் நடுச்சொல் விசாரம். வீட்டில் நாம் "என்ன விசாரம்?" என்று கேட்டால் கவலையைக் கேட்கிறோம். அங்கே விசாரம் என்றால், கவலைப்படுகிறவன் யார் என்று தேடுவது. மாலையில் தமிழ்ப் பாராயணம். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். வரிக்கு வரி மாறி மாறிக் குரல் எழும். எனக்கு முன்னால் இருந்த அம்மாள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நான் எழுத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் என் குரல் அந்தக் கூட்டுக்குரலில் சிக்கலில்லாமல் சேர்ந்தது. உடல் நோக உட்கார்ந்து பழகிய பிறகு வந்த பாட்டு அது.

கடைசி நாள் காலையில் ஆசிரமத்தின் பின்புறக் கதவு வழியாக மலையேறினேன். கந்தாசிரமம்வரை கல் பதித்த பாதை, ஏறுவெயில், இரண்டு இடங்களில் உட்கார்ந்துவிட்டேன். மேலே போனபோது தென்னை நிழலில் ஒருவர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். கீழே அண்ணாமலையார் கோயில் கோபுரங்கள் ஒன்பதும் வெயிலில் தெரிந்தன. அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஊற்றுத் தண்ணீரை ஒரு குவளையில் மொண்டு நீட்டினார்.

"ஏறி வர ரொம்பச் சிரமமாயிருந்துதாங்க?" என்று கேட்டார்.