தணிகை மலையும் தொலைந்த கழிமுகமும்

திருத்தணிக்குப் போயிருப்பீர்கள். 365 படிகள் ஏறி, மூச்சு வாங்க நின்று, முருகனைக் கும்பிட்டிருப்பீர்கள். 'இங்கேயிருந்து கடலுக்கு எப்படிப் போறது?' என்று மட்டும் கேட்டிருக்க மாட்டீர்கள். மலைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. கடலுக்குள் மாமரமாக ஒளிந்த சூரபத்மனோடு போரிட்டு முடித்த முருகன், கோபம் தணிந்து அமர்ந்த இடம் இது என்கிறது புராணம். அதனால்தான் கந்த சஷ்டிக்கு மற்ற கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்க, இங்கே புஷ்பாஞ்சலி!

புராணம் இருக்கட்டும், பூகோளத்தைப் பாருங்கள். திருத்தணியை ஒட்டி ஓடும் நந்தியாறு கொசஸ்தலை ஆற்றோடு சேர்கிறது. கொசஸ்தலை, 1944-ல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி எண்ணூரில் கடலைத் தொடுகிறது. ஆக, தணிகை மலையில் பெய்யும் மழைக்குக் கடைசி ஸ்டேஷன் எண்ணூர் கழிமுகம்.

இனி, இரண்டு வரைபடங்களின் கதை.

1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போய்விட்டது. சும்மா இருப்பார்களா? ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் களத்தில் இறங்கியது. மங்கலங்கிழார் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் மக்களைத் திரட்டினார்கள். மறியல், கைது, சிறை! கடைசியில் படாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி, 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி நம் பக்கம் வந்தது. வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்த ஏழு வருஷப் போராட்டம்.

அடுத்த வரைபடம், ஆறு போய்ச் சேரும் எண்ணூருடையது. மத்திய அரசு 1996-ல் ஒப்புதல் தந்த கடற்கரை வரைபடத்தில், சுமார் 6,500 ஏக்கர் கழிமுகம் பத்திரமாக இருந்தது. அங்கே கட்டடம் எழுப்பக் கூடாது. பின்னால் வந்த இன்னொரு வரைபடத்திலோ அந்தக் கழிமுகத்தையே காணோம்! தகவல் அறியும் சட்டத்தின் வழியே தோண்டிய பிறகுதான், 2017-ல் விஷயம் ஊருக்குத் தெரிந்தது.

'உப்புத் தண்ணி தேங்கற சேறுதானே, போனா போகட்டும்' என்கிறீர்களா? அந்தச் சேறுதான் கடலின் பிரசவ வார்டு. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அந்த இடத்தில்தான் இறாலும் நண்டும் மடவையும் குஞ்சுப் பருவத்தில் வளர்கின்றன. வெள்ளக் காலத்தில் வட சென்னைக்கு வடிகாலும் அதுதான்.

அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் குழாய் உடைந்து வழிந்து, அடியில் படிந்தது. 2017 ஜனவரி 28-ல் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம், மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெயைச் சுமந்துவந்து கழிமுகத்தில் கொட்டியது. காட்டுக்குப்பத்து மீனவர்களின் படகும் வலையும் கறுப்பாயின. நடுவில், 2022-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கழிமுகத்தைச் சீரமைக்க உத்தரவிட்டிருந்தது.

பூமியில் கூடிவரும் வெப்பத்தில் 90 சதவிகிதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. நாம் விடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கும் அதற்குள்தான் போகிறது. அதனால் கடல் நீரின் அமிலத்தன்மை கூடிக்கொண்டே வருகிறது. 'அவ்வளவு பெரிய கடலுக்கு நாம என்ன செய்ய முடியும்?' என்று மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால், கடலின் நோய் நடுக்கடலில் மட்டும் தொடங்குவதில்லை. எண்ணூர் மாதிரி நூறு வாசல்கள் வழியாகவும் உள்ளே போகிறது. அந்த வாசல்கள் நம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

ஒரு மலைக்காக அன்று சிறைக்குப் போனார்கள். அந்த மலைத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் வரைபடத்திலிருந்து காணாமல் போனபோது, மீனவர்களையும் ஒரு சில ஆர்வலர்களையும் தவிர யாருக்கும் கோபம் வரவில்லை.

அடுத்த முறை தணிகை ஏறும்போது, அடிவாரத்தில் ஓடும் நந்தியாற்றையும் கொஞ்சம் நின்று பாருங்கள். அது எங்கே போகிறது என்று கூட வரும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முருகனின் கோபம் அங்கே தணிந்துவிட்டது, சரி. நமக்கு இன்னும் வரவேயில்லையே!