துறையும் பீலியும்

உடப்புசல்லாவை நகரில் தம்பி ஒருவரின் கடைக் கணினியில் கணக்கு மென்பொருள் ஏற்றிக் கொடுத்தேன். தொடங்கவே மறுத்தது. மென்பொருளுக்குத் தகவல் வந்துபோகும் 8080 என்ற 'போர்ட்' எண்ணை வேறொரு மென்பொருள் முன்பே பிடித்திருந்தது. "வேற வாய் இல்லையாண்ணே?" என்றார். அந்த 'வாய்' மனதில் ஒட்டிக்கொண்டது. லத்தீனில் துறைமுகம் 'போர்ட்டுஸ்', வாசல் 'போர்ட்டா'. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே 'போர்ட்' ஆயின. கலைச்சொல்லாக நாம் எழுதுவது 'துறை'. ஆற்றில் இறங்கும் இடம், படகு அணையும் இடம் என்ற பழம்பொருள் பருத்தித்துறையிலும் காங்கேசன்துறையிலும் உயிரோடிருக்கிறது. ஆனால் கல்வித்துறை, சுகாதாரத்துறை என்று அது கந்தோருக்குள் போய்விட்டதால், 'துறை எண்' என்றதும் கோப்புதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் மலையகத் தோட்டத்தில் இன்னொரு சொல் உண்டு: பீலி. இலக்கியத்தில் அது மயிலிறகு. இங்கே மலை ஊற்றுத் தண்ணீர் விழும் வாய். சிங்களத்தில் 'பீல்ல'. வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் போகுமுன் பீலிக்கரையில் குடங்கள் வரிசையில் நிற்கும். ஒரு பீலிக்கு ஒரு நேரத்தில் ஒரு குடம். போர்ட்டும் அப்படியே: ஒன்றுக்கு ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள். எண்கள் 65535 வரை உண்டு. 1023 வரை பேர்போன சேவைகளுக்கு: 80, 443 இணையதளங்களுக்கு. அதற்கு மேலும் 3306 மைஎஸ்கியூஎல், 5432 போஸ்ட்கிரஸ் என வழக்கமான குடங்கள் உண்டு. கணினியில் எவை ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கின்றன என்று முதலில் பார்த்து, காலியானதை எடுத்து, எழுதியும் வைக்க வேண்டும். பொது எழுத்துக்குத் துறையே இருக்கட்டும். மலையகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் பீலி என்றே சொல்வேன். தம்பியின் மென்பொருள் இப்போது 8091இல் ஓடுகிறது.