ஒரு வாரத்துக்காகக் கட்டிய ஊர்

கரையோர ஊர்கள் – 7

கடல்நீரைக் குடித்தால் கழலை கரையும் என்று சொன்ன டாக்டர் ரிச்சர்ட் ரஸ்ஸலை நம்பி, பணக்காரர்கள் பிரைட்டனுக்குப் படையெடுத்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அது 18-ம் நூற்றாண்டு. கடல் என்பது மேட்டுக்குடியின் மருந்தாக இருந்த காலம். அடுத்த நூறு ஆண்டுகளில் அதே கடலைத் தேடிப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஆணும் பெண்ணுமாக ரயிலேறி வந்தார்கள். அவர்களுக்காக எழுந்த ஊர், இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் இருக்கும் பிளாக்பூல். ஒரு காலத்தில் உழைக்கும் மக்களின் சொர்க்கம். இன்று அந்நாட்டின் வறுமைக் கணக்கெடுப்பில் முதல் வரிசை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்றால் வியப்பாக இருக்கலாம். அந்த ஊரின் அறைகள்தான் அது.

புகை நின்ற வாரம்

அன்று பஞ்சாலைகள் நிறைந்திருந்த லங்காஷயரின் ஓல்டாம், போல்ட்டன், பர்ன்லி போன்ற ஊர்களில் கோடையில் ஒரு வாரம் ஆலைப் புகைபோக்கிகள் ஓய்ந்துவிடும். கொதிகலன்களைத் துப்புரவாக்கவும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கவும் ஊரிலுள்ள ஆலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் கதவடைக்கும். ‘வேக்ஸ் வாரம்’ என்பார்கள். தேவாலயத் திருவிழாவாகப் பிறந்து, ஆலைகள் வந்தபின் விடுமுறையாக மாறிய வழக்கம் இது. நம் பக்கத்து அம்மன் கொடைபோல ஊருக்கு ஊர் தேதி மாறும். ஓர் ஊர்க்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பும்போது அடுத்த ஊர்க்காரர்கள் வந்து இறங்குவார்கள்.

இந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. சம்பளத்தோடு விடுப்பு என்பதற்கான சட்டம் 1938-ல்தான் வந்தது. அதுவரை ஆண்டு முழுக்க வாராவாரம் சில்லறையாகச் சேமிப்புக் குழுக்களில் கட்டி, அந்த ஒரே வாரத்தில் அத்தனையையும் செலவழித்தார்கள்.

1846-ல் பிளாக்பூலுக்கு ரயில் வந்தது. 1863-ல் கடலுக்குள் நீளும் முதல் உலாத்துப் பாலம். 1885-ல் பிரிட்டனின் முதல் மின்சார டிராம். 1894-ல், பாரிஸின் ஈஃபிள் கோபுரத்தைப் பார்த்து, 158 மீட்டர் உயரத்தில் ஓர் இரும்புக் கோபுரம். கோடை முடிந்தபிறகும் கூட்டத்தைப் பிடித்து வைக்க, கடற்கரைச் சாலை நெடுக இலையுதிர்கால விளக்கு அலங்காரம். உள்ளூர் வரியில் ஒரு பங்கை ஊரை விளம்பரம் செய்யவே செலவிடலாம் என்று 1879-ல் நாடாளுமன்றத்திடம் அனுமதி வாங்கிய நகராட்சி இது.

வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? கடற்கரைக்குப் பின்னால், ஒட்டி ஒட்டி நின்ற அடுக்கு வீடுகளில். இவற்றை நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். விருந்தினர் வாங்கிக் கொடுக்கும் மளிகையைச் சமைத்துப் போடுவதும் அவர்கள் வேலை. மேசையில் உப்பும் மிளகும் வைக்கத் தனிக் கட்டணம் வாங்குவார்கள், காலைச் சாப்பாடு முடிந்தால் மழை என்றும் பாராமல் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று இந்த விடுதிக்காரம்மாக்களைப் பற்றிய கேலிப்பேச்சுகள் ஏராளம். ஜான் வால்ட்டன் என்ற வரலாற்றாசிரியர் 1978-ல் இவர்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார்.

அந்த வீடுகளின் அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு மாடி. மாடிக்குப் பல சிற்றறைகள். குளியலறையும் கழிப்பறையும் பொது. ஒரு குடும்பம் கோடையில் ஒரு வாரம் படுத்தெழப் போதும். ஆண்டு முழுக்கக் குடியிருக்கப் போதாது.

மூன்று அடிகள்

பிளாக்பூலின் வாழ்வு பருத்தியின் வாழ்வோடு முடிச்சுப் போட்டது. 1913-ல் லங்காஷயர் ஏற்றுமதி செய்த துணி சுமார் 700 கோடி கெஜம். அதற்கு மிகப் பெரிய சந்தை இந்தியாதான். நம் தாத்தாக்கள் ‘சீமைத் துணி’ என்று சொல்லித் தீயிலிட்டதும் இதைத்தான். வட்டமேசை மாநாட்டுக்காக 1931-ல் லண்டன் சென்ற காந்தி, வேலையிழந்த நெசவாளர்களைச் சந்திக்க லங்காஷயரின் டார்வெனுக்கே போனார். சந்தையை இந்திய, ஜப்பானிய ஆலைகள் பிடித்துக்கொண்டன. 1958-ல், ஏற்றுமதி செய்வதைவிட அதிகமாகப் பருத்தித் துணியை இறக்குமதி செய்யும் நாடாக பிரிட்டன் ஆனது. 1960, 70-களில் லங்காஷயரில் ஏறக்குறைய வாரத்துக்கு ஓர் ஆலை மூடப்பட்டது. ஆலை போனால் வேக்ஸ் வாரமும் போகும். ஊரோடு கிளம்பி வந்த கூட்டம் கரையத் தொடங்கியது. இது முதல் அடி.

இரண்டாவது அடி வானத்திலிருந்து வந்தது. 1950-ல் விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் விமானக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் 32 பவுண்டு 10 ஷில்லிங்குக்குள் அடக்கி, கோர்சிகா தீவுக்குப் பயணிகளை அழைத்துப் போனார். வெளிநாடு செல்வோர் 50 பவுண்டுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று 1966-ல் வந்த கட்டுப்பாடு இந்த அலையைச் சற்றே தடுத்தது. அது விலகிய 1970-க்குப் பிறகு ஸ்பெயினின் கரைகள் ஆங்கிலேயர்களால் நிரம்பின. அங்கே மழை வருமோ என்று அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.

மூன்றாவது அடி கார். கோபுரத்துக்குப் பக்கத்திலேயே லட்சக்கணக்கானோரை இறக்கிவிட்ட பிளாக்பூல் சென்ட்ரல் ரயில் நிலையம் 1964-ல் மூடப்பட்டது. ரயில் துறையைச் சுருக்க 1963-ல் வந்த பீச்சிங் அறிக்கை, வேறொரு நிலையத்தை மூடத்தான் பரிந்துரைத்திருந்தது. ஊரின் நடுவிலிருந்த நிலத்துக்காக நகராட்சியே சென்ட்ரலை விட்டுக்கொடுத்தது. அந்த இடம் பல்லாண்டுகள் கார் நிறுத்துமிடமாகக் கிடந்தது. 1975-ல் எம்55 நெடுஞ்சாலை திறந்தது. காலையில் வந்து மாலையில் திரும்புவது எளிதாகிவிட்டது.

பிளாக்பூலுக்கு இன்றும் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் உண்டு. ஆகவே கூட்டம் வரவில்லை என்பது சரியல்ல. முன்போல இரவு தங்குவதில்லை என்பதே சரி. கோபுரத்துக்குப் போட்டி ஏதும் வந்துவிடவில்லை. அடி விழுந்தது அறைகளுக்கு.

காலி அறைக்கு வந்த ஆள்

காலியான விடுதிகளை வாங்க ஆளில்லை, இடிக்கப் பணமில்லை. நடத்தியவர்களுக்கோ வயதாகிவிட்டது. அப்போது ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார். அவர் பெயர் அரசாங்கம். வருமானமில்லாதவர்களின் வாடகையை ஏற்கும் நலத்திட்டம் பிரிட்டனில் உண்டு. வீட்டுக்காரருக்குக் கோடையும் குளிரும் ஒன்றுதான். வாடகை வந்துகொண்டே இருக்கும். சிற்றறையில் ஓர் அடுப்பை வைத்தால் அது ‘வீடு’. நான்கு மாடி விடுதி பத்துப் பன்னிரண்டு ஒற்றை அறைக் குடியிருப்புகளாக உடைந்தது.

உதவித்தொகையின் உச்சவரம்பை ஊருக்கு ஊர் நிர்ணயிக்காமல், வசதியான அக்கம்பக்க ஊர்களையும் சேர்த்துக் கணக்கிட்டது கோளாறை முற்றவைத்தது. பிளாக்பூலின் மோசமான அறைக்கு, சந்தை தரக்கூடியதைவிட அதிகமாக அரசு தந்தது. பழுதுபார்க்காமல் விடுவதே லாபம் என்றாகிவிட்டது.

வந்து சேர்ந்தவர்கள் யார்? வேலை போனவர்கள், மணமுறிவுக்குப் பின் வீடிழந்தவர்கள், மனநலம் குன்றியவர்கள், குடியிலும் போதையிலும் சிக்கியவர்கள், சிறையிலிருந்து வெளிவந்தவர்கள். முன்பணம் அதிகம் கேட்காத அறை எங்கே கிடைக்கும் என்று தேடியவர்களுக்குக் கடற்கரை ஊர்கள் கைகொடுத்தன. சின்ன வயதில் அப்பா அம்மாவோடு மகிழ்ந்திருந்த ஊர் என்ற நினைவும் பலரை இழுத்து வந்தது. ஆனால் ஊரில் கிடைக்கும் வேலையோ கோடையில் மட்டும், அதுவும் குறைந்த கூலிக்கு. ஆறே மாதத்தில் அறை மாறுவார்கள். பிள்ளைகள் கல்வியாண்டின் நடுவே பள்ளி மாறுவார்கள். படித்து முன்னேறிய இளைஞர்கள் ஊரைவிட்டே போய்விடுவார்கள்.

விளைவை எண்கள் சொல்கின்றன. இங்கிலாந்தை 32,844 சிறு பகுதிகளாகப் பிரித்து 2019-ல் வறுமையை அளந்தபோது, மிக வறிய பத்துப் பகுதிகளில் எட்டு பிளாக்பூலில் இருந்தன. அப்போது இங்கே பிறந்த ஆண் குழந்தையின் எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் சுமார் 74 ஆண்டுகள், இங்கிலாந்திலேயே கடைசி. நோய் தீர்க்கும் என்று நம்பி மக்கள் தேடிவந்த கரைகளின் உடல்நலத்தை ஆராய்ந்து, இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி 2021-ல் ஒரு தனி அறிக்கையே வெளியிட்டார். விடுதிகள் மலிவான அறைகளாக மாறியதை அவரும் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டார். நோயாளிகள் அதிகம், மருத்துவர்களும் செவிலியர்களும் குறைவு என்பது அதில் இன்னொரு முடிவு.

சூதாட்டமா, ஓவியமா?

மீள வழி தேடாமல் இல்லை. நாட்டின் ஒரே ‘சூப்பர் கேசினோ’ தனக்குத்தான் என்று பிளாக்பூல் காத்திருந்தது. 2007-ல் அதற்கான ஆலோசனைக் குழு மான்செஸ்டரைத் தேர்ந்தெடுத்தது. பிறகு திட்டமே கைவிடப்பட்டது. 2010-ல் கோபுரத்தையும் வின்டர் கார்டன்ஸ் அரங்கையும் நகராட்சி விலைக்கு வாங்கியது. இவற்றைவிட முக்கியமான காரியம் 2015-ல் நடந்தது. நகராட்சி சொந்தமாக ஒரு வீட்டு நிறுவனம் தொடங்கி, பழைய விடுதிகளை வாங்கி, அறைகளை இணைத்து, குடும்பம் வாழத் தகுந்த வீடுகளாக மாற்றத் தொடங்கியது. நோயின் வேரைத் தொட்ட சிகிச்சை இது. ஆனால் மிக மெதுவாக நடப்பது.

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில், இதேபோல் சரிந்த மார்கேட் வேறு வழி போனது. அங்கே 2011-ல் டர்னர் கன்டெம்பரரி ஓவியக்கூடம் திறந்தது. லண்டனிலிருந்து கலைஞர்கள் குடியேறினார்கள், காபிக் கடைகள் முளைத்தன, வீட்டு விலை ஏறியது. அறைகள் மறுபடி விருந்தினருக்குப் போகத் தொடங்கின. அவற்றில் குடியிருந்த ஏழைகளுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. ஊர் தேறியது என்று பாராட்டும்போது, அந்த மனிதர்கள் அடுத்த மலிவான கரையைத் தேடிப் போவதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஏழைகளை ஊர் மாற்றுவது வறுமையைத் தீர்ப்பதாகாது. அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டே இத்தனை காலம் போயிற்று. ஆண்டு முழுக்க வாழத் தகுதியில்லாத அறைக்கு ஆண்டு முழுக்க வாடகை கொடுப்பது ஏன் என்று கேட்ட ஊர்தான் மீளும்.

பிளாக்பூலிலாவது செங்கற்சுவர் வீடுகள். ஒற்றைப் பலகைச் சுவரோடு, கோடைக்கு மட்டுமென்று எழுப்பிய குடில்களே ஓர் ஊராகி, இங்கிலாந்தின் மிக வறிய பகுதி என்ற பெயரை அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் சுமந்த கதை எஸ்ஸெக்ஸ் கரையில் இருக்கிறது. 1953 வெள்ளத்தில் ஒரே இரவில் 35 பேரைப் பலிகொடுத்த பிறகும் அந்த மக்கள் ஏன் ஊரைவிட்டுப் போக மறுத்தார்கள்? அடுத்த வாரம் ஜேவிக் போவோம்.

(தொடரும்)