தகடு சொன்ன வயது

பழங்கால மக்களுள் நாற்பது, ஐம்பதைக் கடந்தோர் அரியர் என்று நாம் படித்திருக்கிறோம். கல்லறை எலும்புகளை ஆய்ந்தோர் அவ்வாறு எழுதினர்; நாமும் நம்பினோம். அந்நம்பிக்கையை அசைத்த சான்றுகளுள் ஒன்று இலண்டன் மாநகரின் ஓர் ஆலய நிலவறையிலிருந்து கிடைத்தது.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியிலுள்ள கிறிஸ்து ஆலயம் 1729இல் அர்ச்சிக்கப்பெற்ற ஆங்கிலிக்க ஆலயம். அப்பகுதியில் பட்டு நெய்தோர் பலர் பிரான்சிலிருந்து வந்த புராட்டஸ்டாந்து அகதிகளின் வழியினர். 1685இல் கத்தோலிக்க மன்னர் பதினான்காம் லூயி அவர்களுக்கிருந்த சமய உரிமையைப் பறித்ததே பலர் நாடு துறக்கக் காரணம் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1984 முதல் 1986 வரை அந்நிலவறையை அகழ்ந்தபோது ஏறத்தாழ 1000 பேரின் எச்சங்கள் வெளிப்பட்டன. அவர்களுள் 387 பேர் யாவர் என்பதைச் சவப்பெட்டித் தகடுகள் அறிவித்தன. இறந்த வயதும் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தது.

குழந்தையின் வயதைப் பல் முளைப்பதைக் கொண்டே நெருங்கிவிடலாம். வளர்ச்சி நின்றபின் தேய்மானம் ஒன்றே சான்று. இடுப்பெலும்பின் இரு பாதிகளும் முன்புறம் சந்திக்கும் பரப்பில், இளமையில் உழவுச்சால் போன்ற வரிகள் உண்டு. வயது ஏற ஏற அவை மழுங்கி, பின்னர் பரப்பே சிதைவுறும். 1920இல் டாட் என்னும் அறிஞர் இம்மாற்றத்தைப் பத்துப் படிகளாக வகுத்தார். ஆனால், தேய்மானம் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லையே!

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் ஆய்வாளர்கள் தகட்டைப் பாராமலே எலும்பின் வயதைக் கணித்தனர், பின்னரே ஒப்பிட்டனர். 1993இல் வெளியான முடிவு வியப்பளித்தது. இளையோருக்குக் கூடுதல் வயதும், எழுபதைக் கடந்தோருக்கு மிகக் குறைந்த வயதும் கணிக்கப்பட்டிருந்தன. இரு திசையிலிருந்தும் எல்லாரும் நடு வயதை நோக்கித் தள்ளப்பட்டிருந்தனர். தகடில்லாத கல்லறைகளிலும் இதுவே நேர்ந்திருக்குமானால், எத்தனை முதியோரை நாம் நாற்பது வயதினராக எண்ணியிருப்போம்!

இவ்வாறு நேரக்கூடும் என்பதை 1982இலேயே பொக்கே-அப்பல், மாசே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் எச்சரித்திருந்தனர். எலும்பை எத்தொகுதியோடு ஒப்பிடுகிறோமோ, அத்தொகுதியினரின் வயதமைப்பே முடிவிலும் படிந்துவிடும் என்பது அவர்கள் வாதம்.

அக்காலத்தில் சராசரி ஆயுள் குறைவு என்பது மெய்தான். ஆயினும், அதற்குப் பெருங்காரணம் குழந்தைச் சாவுகள். அவற்றைத் தப்பி வளர்ந்தோருள் நரை கண்டோர் பலர்.

இன்று இங்கிலாந்தின் ஆய்வறிக்கைகள் பலவற்றில் முதிர்ந்த எலும்புக்கு எதிரே '46க்கு மேல்' என்று மட்டும் குறிக்கிறார்கள். ஐம்பது வயதுத் தாயும் தொண்ணூறு வயதுப் பாட்டியும் அந்த ஒரே வரியில்தான் அடங்கியிருக்கிறார்கள்.